மூன்று விரல் கணக்கு

கொலாஜன் என்று ஒரு சமாசாரம் இப்போது சக்கைப்போடு போடுகிறது. பவுடர், மாத்திரை, எலுமிச்சை வாசனையோடு குட்டி பாட்டில் என்று சகல ரூபத்திலும் வருகிறது. சாப்பிட்டால் முகச் சுருக்கம் மறைந்து முப்பத்தெட்டு வயசு இருபத்தெட்டாகுமாம். எங்கள் எதிர் ஃபிளாட் நண்பர் ஒரு டப்பா வாங்கி, மனைவிக்குத் தெரியாமல் பீரோவில் ஒளித்து வைத்து, தினம் காலையில் ஒரு ஸ்பூன் சாப்பிடுகிறார். அதன் விலையைச் சொன்னார். எனக்கு முகத்தில் புதிதாக இரண்டு சுருக்கம் விழுந்தது.

இந்த வாரம் அந்த டப்பாவைப் பற்றி இல்லை. பைசா செலவில்லாமல் நம் உடம்பே தயாரிக்கிற கொலாஜனைப் பற்றி. அதிலும் கன்னத்தின் உள்பக்கம் இருக்கிற கொலாஜன். அது அளவுக்கு மீறிச் சேர்ந்தால் இளமை வராது, வாய்தான் திறக்காது. சிலருக்கு அதற்கப்புறம் புற்றுநோயும் வரும். ‘வெறும் பாக்குதானே சார், புகையிலையா போடறேன்?’ என்று கேட்டபடி லஞ்ச் முடிந்ததும் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிற நண்பர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம். (மற்றவர்களும்தான். இல்லாவிட்டால் ஆசிரியர் இந்தப் பகுதியையே நிறுத்திவிடுவார்.)

நான் பி.காம். பயாலஜிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. அதனால் எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

நம் உடம்பில் உள்ள புரோட்டீனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், பல்லைப் பிடித்திருக்கும் ஈறு எல்லாவற்றிலும் அதுதான் சாரம் கட்டி நிற்கிறது. இதன் உருவத்தை முதலில் சரியாக ஊகித்துச் சொன்ன இடம் லண்டனோ பாஸ்டனோ இல்லை, நம்ம கிண்டி! சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் காட்டி ஆராய்ந்து, ‘இது மூன்று இழை சேர்ந்த வடம்’ என்று 1954-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அடுத்த வருஷமே இன்னும் கொஞ்சம் திருத்தி, மூன்று இழையும் தாங்களே சுருண்டு ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன என்றார்கள். தேர் வடம் எப்படி முறுக்கப்படுகிறதோ, கிட்டத்தட்ட அப்படி. சைதாப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இனிமேல் கிண்டிப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடலாம்.

வடம் மட்டும் இருந்தால் போதாது. வடங்களைக் கோத்தால் வலை. நம் கன்னத்துக்குள், மேல் சவ்வுக்குக் கீழே, அப்படி ஒரு மெல்லிய வலை விரிந்திருக்கிறது. வாயைத் திறந்தால் நீண்டு கொடுக்கும். மூடினால் சுருங்கும். இந்த வலை கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தது, வலையே வாழ்க்கையாக இருக்கிற ஓர் ஊரில்.

பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரியில் ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பாதிக்கு மேல் ஆந்திராவில் கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா. டச்சுக்காரர்கள் 1600-களில் கோட்டை கட்டி வியாபாரம் செய்து, கடைசியில் செதுக்கிய கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டுப் போன ஊர். நான் போனது பூநாரை பார்க்க. பூநாரைகள் என்னைப் பார்க்கப் பிரியப்படவில்லை. தூரத்தில் ரோஸ் கலரில் ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான். சரி என்று கரையோரம் ஒரு குப்பத்தில், வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒரு வலை எத்தனை நாள் ஐயா வரும்?”

“வலை எங்க தம்பி வரும்? நாமதான் அதை இட்டுக்கினு வரணும். தினம் நண்டு கடிச்சு வைக்கும். தினம் அறுக்கணும், தினம் முடி போடணும். அறுக்காம மேல மேல முடி போட்டா வலை வெறச்சுப் போவும்.”

இதைத்தான் பிற்பாடு ஒரு பல் டாக்டர் எனக்கு அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். பெரியவர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு வழக்கம். ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் புகுந்தால் பஞ்சாயத்துதான். கன்னத்துக்குள்ளும் அப்படி ஒரு பாடு நடக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற செல்கள் கொலாஜன் நூல் நூற்றுப் போடும். கொலாஜினேஸ் என்கிற என்சைம் பழைய நூலை அறுத்துத் தள்ளும். நூற்பதும் அறுப்பதும் சமமாக இருக்கிற வரை வலை புதுசாகவே இருக்கும். எங்கள் பாஷையில் சொன்னால், பற்றும் வரவும் டாலி ஆகும்.

இந்தப் பாட்டில் பாக்கு வந்து புகுந்து மூன்று வேலை செய்கிறது.

ஒன்று, பாக்கில் இருக்கிற அரிக்கோலின் என்கிற காரம் ஃபைப்ரோபிளாஸ்ட்டை உசுப்பிவிடுகிறது. ‘நூலு நூலு’ என்று ஓவர்டைம் பார்க்க வைக்கிறது. இரண்டு, பாக்கில் செம்புச் சத்து ஜாஸ்தி. லைசில் ஆக்சிடேஸ் என்று ஓர் என்சைம், கொலாஜன் நூல்களைக் குறுக்கே பிணைத்து முடிச்சுப் போடுவது அதன் உத்தியோகம். அது சுறுசுறுப்பாக ஓடச் செம்பு வேண்டும். பாக்கு அதற்குச் சாப்பாடு போடுகிறது. மூன்று, பாக்கின் துவர்ப்பு. டானின். இதுதான் பெரிய ஆள்.

டானின் என்ன செய்யும் என்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பெரும்பாலும் கொலாஜன்தான். சும்மா விட்டால் நாலு நாளில் அழுகும். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அதிலிருக்கும் டானின் கொலாஜனோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கிருமியும் எந்த என்சைமும் அதைச் சுலபமாக அறுக்க முடியாது. தோல் ‘பதமாகி’ செருப்பாகிறது, பெல்ட்டாகிறது. நைலான் வருவதற்கு முன்னால் மீனவர்கள் பருத்தி நூல் வலையை மரப்பட்டை, பனிச்சங்காய் என்று துவர்ப்பாக எதையாவது காய்ச்சி அதில் நனைத்து எடுத்ததும் வலை இற்றுப் போகாமலிருக்கத்தான். தாம்பூலத்தில் சேர்க்கிற காசுக்கட்டி இருக்கிறதே, அதையும் உலகம் முழுக்கத் தோல் பதனிடவும் வலைக்குச் சாயமேற்றவும் உபயோகித்திருக்கிறார்கள்.

தோல் ஷாப்பில் தொட்டிக்குள் நடப்பது, பாக்கை அடக்கி வைத்திருக்கிற கன்னத்துக்குள் நடக்கிறது. நாள் முழுக்க, சின்ன அளவில், உயிரோடு இருக்கிற தோலில். நூற்பு கூடிவிட்டது, முடிச்சு இறுகிவிட்டது, அறுக்க வேண்டிய கத்தரியோ டானின் முன்னால் மழுங்கிவிட்டது. வலை விறைத்துவிட்டது.

இதற்கு ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் இதைப் பார்த்து ஷ்வார்ட்ஸ் என்கிற டாக்டர் 1952-ல் எழுதினார். மறு வருஷமே இந்தியாவில் ஜோஷி என்கிற டாக்டர் எழுதினார். அப்போதெல்லாம் இது அபூர்வ வியாதி. 1980-களுக்குப் பிறகு பாக்கும் மசாலாவும் பளபள பொட்டலத்தில் தோரணம் கட்டித் தொங்க ஆரம்பித்ததும் இருபது வயசுப் பையன்களுக்கெல்லாம் வர ஆரம்பித்தது. தாத்தா காலத்துத் தாம்பூலத்தில் வெற்றிலை இருந்தது, சாப்பாட்டுக்கப்புறம் ஒரு வேளை என்று கணக்கும் இருந்தது. பொட்டலத்துக்கு வெற்றிலையும் இல்லை, வேளையும் இல்லை.

பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். இருபத்தேழு வயசு இருக்கும். கன்னத்தில் ஒரு பக்கம் மேடு. “ராத்திரி தண்ணியில நிக்கணும்ண்ணே. ஈரக் கையில பீடி நிக்காது, காத்துல நெருப்பு நிக்காது. இது ஒண்ணுதான் தூக்கம் வராம நிக்கும்” என்றார். நியாயமான பேச்சு. இந்த ஊரில் இரவு வேலையும், ஈரமும், பசியும் சேர்ந்து பொட்டலத்துக்கு ஏஜென்ட் வேலை பார்க்கின்றன. நம் ஆபீஸ் நண்பர்களுக்கு ஏ.சி. ரூமில் அந்தக் காரணமும் கிடையாது.

அவர் வீட்டில் எங்களுக்கு இறால் தொக்கு போட்டார்கள். பழவேற்காட்டு இறாலைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும். நாங்கள் ஒரு வெட்டு வெட்டினோம். அவர் மட்டும் மோர் சோறு பிசைந்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி சின்னச் சின்ன உருண்டையாக வாய் ஓரத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்.

“காரம் ஒத்துக்கல. அல்சர்னாங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கினு கீறேன்.”

“இவன் சின்ன வயசுல பச்சை மிளகாயைக் கடிச்சுக்கினே கஞ்சி குடிப்பான்” என்றார் அவர் அம்மா. “பொண்ணு பார்க்கப் போன எடத்துல நண்டுக் குழம்பு வெச்சாங்க. தொடவே இல்ல. மாப்பிள்ளை ரொம்ப அடக்கம், வாயே தொறக்கமாட்டேங்கறாருன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பல்லுக்கு நடுவே இரண்டு விரல் நுழைகிற இடம்கூட இல்லை.

விசில் அடிப்பீர்களா என்று கேட்டேன். படகுக்குப் படகு விசிலில் பேசிக்கொள்கிறவர்கள்; தியேட்டரிலும் முதல் ஷோவில் முதல் விசில் இவருடையதாகத்தான் இருக்குமாம். “அது போயி ரெண்டு வருசம் ஆச்சுண்ணே” என்றார். காரம் எரிவது, கன்னத்தின் உள்பக்கம் வெளுப்பது, தடவினால் கயிறு மாதிரி தட்டுப்படுவது, நாக்கை முன்னைப்போல் நீட்ட முடியாதது, கன்னத்தை ஊத முடியாதது, விசில் நின்று போவது. இந்த வியாதி தன் விசிட்டிங் கார்டை இப்படி ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டேதான் வருகிறது. நாம்தான் அல்சர் என்று பெயர் எழுதி ஃபைலில் வைத்துவிடுகிறோம்.

இது புற்றுநோய் இல்லை. ஆனால் அதன் வாசல். எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்தப் பாதிப்பு இருந்த 66 பேரை 17 வருஷம் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 1985-ல் வெளியான கணக்குப்படி 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப் புற்று வந்திருந்தது. சதவீதத்தில் சொன்னால் சின்ன நம்பராகத் தெரியும். ஆளாகச் சொன்னால் பதிமூன்று பேரில் ஒருவர். உங்கள் செக்‌ஷனில் பதிமூன்று பேர் இருந்தால் ஒரு நாற்காலி. (கொலாஜன் வடத்தைக் கண்டுபிடித்த ராமச்சந்திரன் பிறந்ததும் அதே எர்ணாகுளம்தான். ஊர்கள் இப்படி விளையாடுகின்றன.)

வலை இறுகினால் புற்று எப்படி வருகிறது? கொலாஜனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பாக்கிலிருந்து உண்டாகும் நைட்ரோசமின்கள் செல்லின் டி.என்.ஏ.வையே நேரடியாகக் கெடுக்கின்றன. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் கொலாஜன் அதற்கு மேடை போட்டுக் கொடுக்கிறது. இறுகிய வலை ரத்தக் குழாய்களை நெரிக்கிறது. மேல் சவ்வுக்கு ஆக்சிஜன் குறைகிறது, சவ்வு மெலிகிறது. மெலிந்த சவ்வில் விஷம் சுலபமாக இறங்கும். போதாததற்கு, செல்கள் தாங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து நடந்துகொள்கிறவை. விறைப்பான இடத்தில் உட்கார்ந்த செல்லுக்கு ‘பெருகு, நகரு’ என்று தப்பான தந்தி போகிறது.

கடைசிக் கட்டம்தான் கொடுமை. சவ்வுக்கு அடியில் வேறொரு ரகக் கொலாஜனால் ஆன மெல்லிய வேலி ஒன்று உண்டு. கெட்டுப்போன செல் அந்த வேலிக்கு மேலேயே இருக்கிற வரை பெரிய ஆபத்தில்லை. தாண்டினால் அது புற்று. தாண்டுவதற்கு அது கொலாஜனை அறுக்கிற என்சைம்களைத் தானே சுரக்கிறது. சுற்றியிருக்கிற செல்களையும் சுரக்க வைக்கிறது. இத்தனை வருஷம் வேண்டியபோது வேலை செய்யாத கத்தரி, இப்போது திருடன் கையில்! வேலியைத் தாண்டினதும், இழுத்து நேராக்கப்பட்ட கொலாஜன் நார்களையே தண்டவாளமாக வைத்துக்கொண்டு உள்ளே ஊர்கிறது.

சரி, ‘வெறும் பாக்குதானே’ கேஸுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் தீர்ப்பு எழுதிவிட்டது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை, முதல் குரூப். சிகரெட் இருக்கிற அதே குரூப். அப்பீல் கிடையாது. 2022-ல் உலகத்தில் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் புதிதாக வாய்ப் புற்று வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். இந்தியக் கணக்கில் ஏறக்குறைய 83 ஆயிரம் பேருக்குக் காரணம், மெல்லுகிற புகையிலையும் பாக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்குத் தடை வந்தது. தடை வந்தாலும் வாசனைப் பாக்கு கடையில் தொங்கத்தான் செய்கிறது. அதை எந்த போலீஸும் பிடிக்காது. நம் வாயை நாம்தான் ரெய்டு பண்ண வேண்டும்.

நல்ல சேதியும் உண்டு. இந்த ரெய்டு பலன் தரும் என்று நிரூபித்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் வெளிச்சத்தில் ஜனங்களின் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வெறும் பார்வை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் சாகிறவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வாய் ஒளித்து வைத்த உறுப்பு இல்லையே சார். திறந்தால் தெரிகிறது. திறக்க முடிகிறபோதே திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழவேற்காட்டு இளைஞர் பத்து நாள் யோசித்துவிட்டு பொன்னேரியில் ரயில் ஏறினார். கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிற அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் காட்டினார். துளி சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை. ‘பாக்கை இன்றைக்கே நிறுத்து’ என்பதுதான் முதல் மருந்து. கன்னத்துக்குள் சில ஊசிகள். அப்புறம் ஒரு விசித்திரமான பயிற்சி. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி முன்பல்லுக்கு நடுவே வைத்து, நாளாக ஆக ஒரு குச்சி கூடச் சொருக வேண்டும். பதினோரு குச்சியில் ஆரம்பித்தார். நான் கடைசியாகப் போனில் கேட்டபோது பதிமூன்று. பதனிட்ட தோல் மறுபடி பழைய தோலாவது கஷ்டம், முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவும் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டில் விஷயத்தை இவரே போய்ச் சொல்லிவிட்டார். அவர்கள் பதில் இன்னும் வரவில்லை.

“குச்சி மிச்சம் வெக்கறதுக்காக ஐஸ்கிரீம் துன்னு துன்னு சளி புடிச்சிக்கிச்சுண்ணே” என்றார். இரண்டு குச்சிக்கு நடுவே கிடைத்த சிரிப்பு. சளி பரவாயில்லை.

இப்போது உங்கள் முறை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வையுங்கள். நுழைகிறதா? சந்தோஷம், பொட்டலம் இருந்தால் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். இரண்டோடு நிற்கிறதா? காரம் எரிகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இருக்கிறதா? மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி நேராகப் பல் டாக்டரிடம் போங்கள். லீவு லெட்டரை நானே எழுதித் தருகிறேன்.

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் கூச்சப்பட வேண்டாம். மூன்று விரலை வாயில் வைத்திருக்கிற நேரம் பார்த்து மேனேஜர் வந்துவிட்டால், எழுந்து நின்று அவரையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய டிராயரிலும் ஒரு பொட்டலம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?